கடுகும் மலையும் – கணாதர் கதை



அணு என்றதும் 1808-இல் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட டால்டன்தான் நம் நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்கு ரொம்ப காலம் முன்னாடியே அணுவைப் பற்றி யோசித்த ஒருத்தர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் கணாதர். அவரைப் பற்றி நான் படித்ததை எழுதுகிறேன்.

கணாதர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தியவர். உலூகர் என்றும் பெயர் உண்டு. வடமொழியில் 'கண' என்றால் தானியத் துணுக்கு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கிச் சாப்பிட்டதால் இந்தப் பெயர் வந்ததாகக் கதை சொல்வார்கள். அவர் பெயரில் உள்ள நூல் வைசேடிக சூத்திரம்.

ஒரு பொருளை உடைச்சுக்கிட்டே போனால் எங்கேயாவது நின்றே ஆகணும். அதற்கு மேல் உடையாத துகள்தான் பரமாணு. ஏன் நிற்கணும்? அவர் வழி வந்தவர்கள் மேரு மலையையும் கடுகையும் வைத்து விளக்கினார்கள். நான் நம்ம ஊர் மலைக்கோட்டைப் பாறையை வைத்துச் சொல்றேன். பாறையையும் கடுகையும் முடிவே இல்லாமல் உடைக்கலாம் என்றால், இரண்டிலும் கணக்கில்லாத துண்டுகள் இருக்கும். அப்புறம் பாறை பெரிசு, கடுகு சிறிசு என்று எப்படிச் சொல்வது? யோசிச்சுப் பாருங்க!

நிலம், நீர், நெருப்பு, காற்று என்று அணு நான்கு வகை. நில அணுவுக்கு மணம் சிறப்பு, நீர் அணுவுக்குச் சுவை. பச்சை மண்பானை சூளையில் வெந்து சிவப்பாகிறதே, அப்போது அணுவிலேயே நிறம் மாறுகிறது என்றார்கள் வைசேடிகர்கள்.

கிரேக்க நாட்டில் கி.மு. 460 வாக்கில் பிறந்த டெமாக்ரிடஸும் அணுவைப் பற்றிச் சொன்னார். ஆனால் அவருடைய அணுவுக்கு நிறமும் சுவையும் கிடையாது, வடிவமும் அளவும்தான். நம் மணிமேகலையிலும் வைசேடிகர், ஆசீவகர் கொள்கைகள் வருகின்றன.

கணாதர் அப்பவே அணுகுண்டைக் கண்டுபிடிச்சுட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மை இல்லை, அவருக்கு அது பெருமையும் இல்லை. அவரிடம் நுண்ணோக்கி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. யோசனை மட்டுமே இருந்தது. 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததும், உடையாது என்று நினைத்த டால்டனின் அணுவுக்குள்ளேயே சிறிய துகள் இருப்பது தெரிந்தது. இதற்கு மேல் உடையுமா என்ற அதே கேள்வியை விஞ்ஞானிகள் இன்றும் கேட்கிறார்கள்.

பரீட்சைக்குப் பதிலை மனப்பாடம் செய்யும் நாமும், ஏன் என்று ஒரு தடவை கேட்டுப் பழகுவோமே!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு