உருக்குமணி தேவியாரும் உயிரிரக்கமும்

சைவசித்தாந்தம் ஆன்மாக்களைப் பசுவென்னும் பெயரால் வழங்கும். மலத்தாற் கட்டுண்டமை மக்கட்கும் விலங்கு பறவைகட்கும் ஒக்கும். வினைக்கீடாக எடுத்த உடம்புகளே வேறு. ஆதலின் வாய்பேசா உயிர்க்கு இழைக்குந் துன்பம் நம்மோடொத்த ஓருயிர்க்கு இழைக்குந் துன்பமேயாம். ஏட்டில் நாம் ஓதிவரும் இவ்வுயிரிரக்கத்தை நாட்டுச் சட்டத்தில் ஏற்றுவித்தவருள் முதன்மையானவர் உருக்குமணி தேவி அருண்டேல் அம்மையார். அவர் பிரம்மஞான சபையைச் சார்ந்தவரேனும், அவரது தொண்டு நம்மனோர் அறிந்து போற்றற்பாலது.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-இல் மதுரையில் நீலகண்ட சாஸ்திரியார்க்கு மகளாய்த் தோன்றினார். பொறியாளராயிருந்த தந்தையார் ஓய்வுபெற்றபின் குடும்பம் அடையாற்றிற் குடியேறிற்று. 1920-இல் ஆங்கிலேயராகிய ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது எழுந்த பழிச்சொற்கு அவர் அஞ்சினாரல்லர். உயர்குலத்தார் இகழ்ந்தொதுக்கிய சதிராட்டத்தைத் தாமே பயின்று, 1935-இல் அரங்கேறி ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அந்நிலையம் பின்னர் மருந்தீசர் எழுந்தருளிய திருவான்மியூரில் நிலைபெற்றது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் மறைந்த மறு ஆண்டாகிய 1943-இல், அப்பெரியார் பெயரால் நூல்நிலையம் அமைத்த நன்றியைத் தமிழுலகம் மறத்தலாகாது.

1952-இல் அம்மையார் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். 1890-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடைச்சட்டம் போதாதெனக் கண்டு, தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். பிரதமர் நேரு அதன் நோக்கத்தைப் பாராட்டி, அரசே அதற்கு ஆவன செய்யுமென்று கூறவே, அதனைத் திரும்பப்பெற்றார். பின்னர் ஆய்வுக்குழு அமைந்து, 1960-இல் புதிய சட்டம் நிறைவேறிற்று. மிகைச்சுமை ஏற்றுதல், பட்டினியிடுதல், நோயுற்றதை வேலைவாங்குதல், நெருக்கியடைத்துக் கொண்டுசெல்லுதல் முதலியன அதனாற் குற்றங்களாயின. அச்சட்டத்தின்வழி 1962-இல் எழுந்த இந்திய விலங்கு நல வாரியத்திற்கு அம்மையாரே முதற்றலைவராயினார். கலையழகும் கருணையும் பிரிக்கலாகா என்பது அவர் கொள்கை. புலாலுண்ணாமையைப் பிறநாடுகளிலும் வற்புறுத்தி வந்தார். 1977-இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத்தலைவர் பதவிக்கு நிற்குமாறு வேண்டியபோதும் இசைந்திலர். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனி, சைவர் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுளது. அச்சட்டம் வதையைத் தடுத்ததேயன்றிக் கொலையைத் தடுத்திலது. முதற் குற்றத்திற்கு அது விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. உணவிற்காகக் கொல்லுதலை, வேண்டாத் துன்பமின்றிச் செய்யின், அது குற்றமெனக் கொண்டிலது. சமயமுறைப்படி ஓருயிரைக் கொல்லுதல் குற்றமாகாதென்று அதன் 28-ஆம் பிரிவு விலக்களித்தது. பல சமயத்தார் வாழும் நாட்டில் அரசு அவ்வளவே செய்யக்கூடும் போலும். சட்டம் கைவிட்ட அவ்விடத்தே சமயத்தின் கடமை தொடங்குகின்றது. கடவுள் பெயராற் குருதி சிந்துதல் கடவுட்கு உவப்பாகாதென்று எடுத்துரைக்கும் உரிமை காவலர்க்கில்லை. அது சமயத்தார்க்கே உண்டு. சித்தாந்த நூல்களைப் பாடஞ்சொல்லும் மடங்களும் புலவர்களும் சிற்றூர்த் திருவிழாக்கள்தோறுஞ் சென்று அன்போடு அதனை அறிவுறுத்துவாராயின், அம்மையார் தொடங்கிய பணி முற்றுப்பெறும். அஃதின்றி அவர் பெயரைப் புகழ்வதனால் மட்டும் பயன் யாது?