பிள்ளைகள் பிரஜைகள், தகப்பன் அந்நியர்

1995 இடம்பெயர்வில் அம்மா எங்கள் காணி உறுதியை மடியில் கட்டிக்கொண்டுதான் நடந்தார். காணி இருந்தும் வருடக்கணக்காகப் போக முடியாமல் கிடந்தவன் நான். அதனாலோ என்னவோ, காணி வாங்கவே சட்டம் விடாத ஒரு விவசாயியின் வாழ்க்கை மனதில் நின்றுவிட்டது.

தலீப் சிங் சவுந்த் 1899இல் பஞ்சாபில் பிறந்தவர். 1920இல் அமெரிக்கா போனார். உணவு பதனிடல் படித்துவிட்டு ஊர் திரும்புவதுதான் எண்ணம். திரும்பவில்லை. 1924இல் பெர்க்லியில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆனால் இந்தியர் வெள்ளையரல்லர், பிரஜாவுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் பகத் சிங் திந்தின் வழக்கில் தீர்த்திருந்தது. பிரஜையாக முடியாதவருக்குக் கலிபோர்னியாவில் காணியும் இல்லை. கணிதக் கலாநிதி இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி பறிப்போருக்குக் கங்காணியானார். பிறகு சலாது பயிரிட்டார். விலை விழுந்தது, கடன் ஏறியது.

1928இல் செக் குடியேறிகளின் மகளான மேரியனை மணந்தார். மூன்று பிள்ளைகள். அந்த மண்ணில் பிறந்ததால் மூவரும் பிறப்பிலேயே அமெரிக்கப் பிரஜைகள். சோறு போட்ட தகப்பன் மட்டும் அதே வீட்டில் அந்நியர். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு இது புதிதாக இராது.

அவர் சும்மா இருக்கவில்லை. மற்ற இந்தியர்களோடு சேர்ந்து சட்டத்தை மாற்றப் பாடுபட்டார். 1946இல் சட்டம் மாறியது. வருடத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம், ஏற்கெனவே இருப்பவர்கள் பிரஜையாகலாம். 1949இல் பிரஜையானார். 1950இல் வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சிற்றூரில் சமாதான நீதவானாக மக்கள் தெரிவுசெய்தார்கள். பிரஜையாகி ஒரு வருடம் ஆகவில்லை என்று பதவியைத் தரவில்லை. 1952இல் மறுபடி நின்று வென்றார். எங்கள் சமாதான நீதவான்கள் போல அத்தாட்சிக் கையெழுத்தோடு முடிகிற பதவியல்ல அது, வழக்கு விசாரிக்க வேண்டும்.

1956இல் காங்கிரஸ் தேர்தல். எதிரே நின்றவர் புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் கொக்ரன், செல்வந்தரின் மனைவி. சவுந்தின் குடும்பமே வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டது. வென்றார். அமெரிக்கக் காங்கிரசில் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அமர்ந்த முதல் ஆசியர் அவர். படங்களில் தலைப்பாகை இல்லை. அதை என்ன விலையாகக் கணக்கிட்டாரோ, அவருக்குத்தான் தெரியும்.

மூன்று முறை தெரிவானார். 1962இல் பக்கவாதம் வந்து பேச்சைப் பறித்தது. அந்த வருடத் தேர்தலில் தோற்றார். 1973இல் கலிபோர்னியாவிலேயே கண்மூடினார்.