கிட்டப்பா – 27 வயசில் நின்ற குரல்

பாட்டு, போதை, காதல், பக்தி... இந்த நாலும் சேர்ந்த படம் என்றால் நம்மில் பலருக்கு இங்கிலீஷ் படம்தான் ஞாபகம் வரும். ஜானி கேஷ் என்ற அமெரிக்கப் பாடகரின் கதையை 2005-ல் 'வாக் த லைன்' என்று எடுத்தார்கள். மாத்திரைக்கு அடிமையான மனுஷனைக் கூடவே பாடிய ஜூன் கார்ட்டர் காதலால் மீட்டெடுப்பார். 1968-ல் கல்யாணமும் நடந்தது. சுபம்!

அந்தக் கதை அதற்கு 40 வருஷம் முன்பே நம் தமிழ்நாட்டு நாடக மேடையில் நடந்துவிட்டது. முடிவு மட்டும் வேறு. அந்தப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. அந்தப் பெண் கே.பி. சுந்தராம்பாள். குன்றத்தூர் மலைக்கோ திருவேற்காட்டுக்கோ போனபோது ஒலிபெருக்கியில் முருகன் பாட்டாக இந்த அம்மாவின் குரல் நம் காதில் கண்டிப்பாக விழுந்திருக்கும். கிட்டப்பா யாரென்று கேட்டால்தான் முழிப்போம்.

கிட்டப்பா 1906-ல் செங்கோட்டையில் பிறந்தவர். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இயற்பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் வறுமை. நாம் எல்.கே.ஜி., ஒண்ணாம் கிளாஸ் என்று போன வயசில் அவர் அண்ணன்மாரோடு நாடக மேடை ஏறிவிட்டார். சங்கரதாஸ் சுவாமிகளின் பள்ளியில் வளர்ந்து, பிறகு கன்னையா கம்பெனிக்குப் போனார். அங்கே 'தசாவதாரம்' நாடகம் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது.

ஈ.சி.இ. நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். நம்ம காலேஜ் டேக்கு மேடையின் ரெண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர் வைத்தும் கடைசி வரிசையில் கேட்கலை என்று சத்தம் போடுகிறோம். அவர் மேடையில் மைக்கே கிடையாது. ஆம்பிளிஃபயர், மிக்ஸர் எல்லாமே தொண்டைதான்! ஆர்மோனியத்தில் 'ச' எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுதான் பாடகரின் சுருதி. ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை பக்கம் பாடுவார்கள். பெண்கள் ஐந்து கட்டை பக்கம். கிட்டப்பா பெண்களின் சுருதியிலேயே அலட்டாமல் பாடினார். (சிலர் எட்டுக் கட்டை, பத்துக் கட்டை என்று அளப்பதை நம்ப வேண்டாம். ஏழுக்கு மேல் போனால் திரும்பவும் அதே 'ச' தான்.)

சுந்தராம்பாள் 1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தவரை நாடகக்காரர்கள் கண்டுபிடித்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் அவருக்குப் பெரிய பெயர். 1926-ல் கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்தார். அவரோடு மேடை ஏறாதே, உன் குரல் எடுபடாது என்று பலர் பயமுறுத்தினார்களாம். பொண்ணு பயப்படலை. 'வள்ளி திருமண'த்தில் அவர் வேலன், இவர் வள்ளி. ரெண்டு பேருக்கும் ஒரே சுருதி என்பதால் ஒருத்தருக்காக ஒருத்தர் இறங்க வேண்டியதில்லை. தர்க்கப் பாட்டில் போட்டி போட்டுப் பாடினார்கள். மேடைக் காதல் நிஜக் காதலானது. 1927-ல் கல்யாணம். அவருக்கு வயசு 21 பக்கம், இவருக்கு 19 பக்கம்.

கிட்டப்பா ஏற்கெனவே கல்யாணமானவர். சாதியும் வேறு. இதையெல்லாம் தெரிந்துதான் சுந்தராம்பாள் சம்மதித்தார். கொஞ்ச காலம் நல்லாத்தான் போச்சு. பிறகு நடுவில் புகுந்தவர்கள் பேச்சு, சந்தேகம், கோபம். குழந்தை பிறந்து சீக்கிரமே இறந்துபோனது. பிரிந்திருந்த நாட்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சிலும் வந்தன. படித்தால் மனசு கனக்கும். கோபமும் இருக்கிறது, கெஞ்சலும் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் காதலைப் பற்றி உருகி உருகிச் சொல்கிறார்கள். குடி வருகிற இடத்தில் மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 27 வயசில் ஒரு மனுஷன் செத்ததற்கு விதியைக் காரணம் சொல்லிவிட்டுப் போவதா?

அவர் வேலையை யோசித்துப் பாருங்கள். ஸ்பெஷல் நாடகம் என்பது ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியற்காலையில் முடியும். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார் காண்டிராக்டர். ஒத்திகை கிடையாது. ராத்திரி பூரா உச்ச ஸ்தாயியில் பாட்டு; 'ஒன்ஸ் மோர்' கேட்டால் திரும்பவும் அதே பாட்டு. மறுநாள் வேறு ஊர். உடம்பு அசதிக்கு என்று குடி உள்ளே வருகிறது. நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிற அண்ணன்மார் சொல்கிற அதே காரணம்தான். பெரிய பாடகர் என்பதால் ஊற்றிக் கொடுக்க ஆளும் நிறைய. வேண்டாம் என்று கையைப் பிடிக்கத்தான் ஆள் குறைவு. அன்றைய வசூல் அவர் மேடையேறுவதில் அல்லவா இருக்கிறது!

இன்னொன்று. கிட்டப்பா கதர் கட்டியவர். மேடையில் தேசியப் பாட்டுப் பாடியவர். எந்தக் காங்கிரஸுக்காக அவர் பாடினாரோ அதே காங்கிரஸ் அன்று கள்ளுக்கடை மறியல் நடத்திக்கொண்டிருந்தது. கொள்கை தெரியாமல் அவர் குடிக்கவில்லை. தெரிந்தும் விட முடியவில்லை. நம் ஹாஸ்டல் பசங்க ரெண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று நினைத்தே இந்தப் பாராவை எழுதுகிறேன். பேர் போட மாட்டேன், கவலை வேண்டாம்.

குடியால் உடம்பு கெட்டு, 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். தமிழில் பேசும்படம் வந்து ரெண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் சினிமாவில் ஒரு காட்சிகூட நடிக்கவில்லை. மிச்சம் இருப்பதெல்லாம் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றிய இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். ராத்திரி முழுக்கப் பாடியவரை இன்று நாம் மூணு மூணு நிமிஷமாகத்தான் கேட்க முடிகிறது.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயசு 25. வெள்ளைச் சேலை கட்டினார். நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவரைத் தேசத்துக்காகப் பாட வரச் சொல்லி வெளியே அழைத்து வந்தவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். சினிமாக்காரர்கள் வந்தபோது, தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். கொடுத்துவிட்டார்கள்! 1935-ல் வந்த 'நந்தனா'ரில் அவர் போட்டது ஆண் வேஷம், நந்தனாராகவே. அதனால் சபதமும் கெடவில்லை.

அவருடைய பிரார்த்தனை கிட்டப்பாவைக் காப்பாற்றவில்லை. அவர் அன்பும் காப்பாற்றவில்லை. ஜூன் கார்ட்டருக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய 47 வருஷம் அவரை நிமிர்த்தி நிற்க வைத்தது அந்தப் பக்திதான் என்று நான் நினைக்கிறேன். 1951-ல் சட்ட மேலவை உறுப்பினர். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்'. கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டி, இளமையிலேயே கிழவியான ஔவையின் கதையை நாம் சின்ன வயசிலேயே கேட்டிருக்கிறோம். அந்த வேஷத்துக்கு வேறு யாரைத் தேடுவது?

1964-ல் 'பூம்புகார்'. கலைஞர் கருணாநிதியின் வசனம். அம்மாவுக்குக் கவுந்தி அடிகள் வேஷம். கோவலன் சாவுக்குப் பிறகு வரும் பாட்டில் தெய்வத்தையே சந்தேகப்படுகிற மாதிரி ஒரு வரி இருந்தது. அதைப் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வரியை மாற்றிக் கொடுத்த பிறகுதான் பாடினார். 25 வயசில் புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு, அந்தக் கேள்வியைக் கேட்க எல்லா நியாயமும் இருந்தது. கேட்கவில்லை.

1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார். அதுவரை வெள்ளைச் சேலைதான்.