ஆலயத்தை விட்டு வெளியேறிய ஆலன்

பிறந்த வீட்டை வெறுத்து வெளியேறுவோர் உண்டு. அதனை நேசித்துக்கொண்டே வெளியேற வேண்டிய நிலையும் சிலர்க்கு வாய்ப்பதுண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற ரிச்சர்டு ஆலன் இந்த இரண்டாம் வகையினர். அவர் வெளியேறியது பிலடெல்பியா நகரத்துப் புனித ஜார்ஜ் ஆலயத்தை விட்டு. அமெரிக்க மெதடிஸ்டு மக்கள் தங்கள் தாய்வீடுகளுள் ஒன்றாகப் போற்றும் ஆலயம் அது.

1760-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள் அடிமைப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார் ஆலன். அக்குடும்பம் பிலடெல்பியாவின் பெயர்பெற்ற வழக்கறிஞர் பெஞ்சமின் சூ என்பாரின் உடைமையாக இருந்தது. உடைமை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். மாடு, வண்டி, மேசை ஆகியவற்றோடு மனிதனையும் ஒரே பட்டியலில் எழுதிவைத்த காலம் அது. ஆலன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் முழுவதும் டெலவேர் பகுதியில் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்ற உழவர்க்கு விற்கப்பட்டது. பின்னர் ஆலனின் தாயையும் உடன்பிறந்தார் மூவரையும் ஸ்டர்ஜிஸ் வேறிடத்திற்கு விற்றார். இத்தனைக்கும் அவர் இளகிய மனத்தவர் என்றே ஆலன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இளகிய மனத்தவர்க்கும் பிறர் தாயை விற்கும் உரிமை இருந்தது என்பதை அந்தப் பாராட்டோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

பதினேழு வயதில் ஆலன் மெதடிஸ்டு சபையைச் சேர்ந்தார். ஊர் ஊராகக் குதிரையில் சென்று, கையில் தாளின்றி, பாமரர்க்கும் புரியும்படி பேசிய போதகர்கள் அவர் உள்ளத்தைத் தொட்டனர். அடிமைகளைக் கூட்டங்களுக்கு அனுப்பினால் வேலை கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தார் ஸ்டர்ஜிஸை எச்சரித்தனர். ஆலனும் அவர் அண்ணனும் முன்னினும் கடுமையாக உழைத்தனர். பயிர்வேலை முடியவில்லையெனில் கூட்டத்திற்கே போகாமல் நின்றுகொண்டனர். சமயம் தங்களைக் கெடுத்துவிட்டது என்ற பேச்சுக்கு இடம் தரலாகாது என்பது அவர்கள் எண்ணம். ஒருநாள் ஸ்டர்ஜிஸின் வீட்டிலேயே ஃப்ரீபார்ன் கேரட்சன் என்ற போதகர் பேசினார். துலாக்கோலில் நிறுக்கப்பட்டுக் குறைவாகக் காணப்பட்ட மன்னனைப் பற்றிய வேதப்பகுதி அன்றைய பொருள். கேட்ட எசமானர்க்கு மனம் உறுத்திற்று. ஆயினும் சும்மா விடுதலை செய்துவிடவில்லை, விலை வைத்தார்! அந்நாளைய அமெரிக்கத் தாள்நாணயத்தில் 2000 டாலர். ஆலன் விறகு வெட்டினார், செங்கற்சூளையில் உழைத்தார், அமெரிக்க விடுதலைப்போர்க் காலத்தில் உப்பு வண்டி ஓட்டினார். 1783-ஆம் ஆண்டிற்குள் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிவிட்டார்.

1786-இல் பிலடெல்பியாவுக்கு வந்து புனித ஜார்ஜ் ஆலயத்தில் போதிக்கும்படி அவர்க்கு அழைப்பு வந்தது. கறுப்பின மக்களுக்காகக் காலை ஐந்து மணிக்கு அவர் பேச வேண்டும். விடிவதற்குமுன் ஒரு கூட்டம், பின்னர் தெருக்களிலும் வெளிகளிலுமாக நாளொன்றுக்கு நான்கைந்து முறை பேச்சு, வயிற்றுப்பாட்டிற்குக் கைத்தொழில் என்று அவர் நாள்கள் கழிந்தன. விரைவிலேயே 42 பேர் கொண்ட ஒரு சங்கம் அவரைச் சூழ்ந்தது. கறுப்பின மக்களுக்குத் தனி ஆலயம் வேண்டும் என்று அப்போதே அவர் சொன்னார். வெள்ளைப் போதகர் எதிர்த்தது வியப்பன்று. கறுப்பினத்தில் வசதியும் மதிப்பும் உடையோரும் எதிர்த்தனர். உடன்பட்டோர் மூவரே. அவர்களுள் ஒருவர் அப்சலம் ஜோன்ஸ். இவரும் ஆலனும் சேர்ந்து 1787 ஏப்ரலில் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் என்னும் உதவிச் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

கூட்டம் பெருகப் பெருக ஆலயத்தாரின் முகம் சுருங்கிற்று. கறுப்பின மக்களை அவர்கள் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து எழுப்பிச் சுவரோரமாக உட்காரவைத்தனர். பின்னர் மேல்மாடம் ஒன்று கட்டினர். அதற்குக் கறுப்பின மக்களும் பணம் கொடுத்தனர், உடலுழைப்பும் தந்தனர். ஒரு ஞாயிறன்று ஆலனும் ஜோன்ஸும் பிறரும் வந்தபோது, மேலே போகுமாறு வாயிற்காவலர் கைகாட்டினார். போய், கீழே தாங்கள் முன்பு அமர்ந்த இடத்திற்கு நேர்மேலே முழங்காற்படியிட்டனர். ஜெபம் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் தருமகர்த்தா ஒருவர் ஜோன்ஸைப் பிடித்து இழுத்து, அங்கே இருக்கக்கூடாது, எழு என்றார். ஜெபம் முடியும்வரை பொறுக்குமாறு ஜோன்ஸ் வேண்டினார். அவர் கேட்கவில்லை, துணைக்கு இன்னொரு தருமகர்த்தாவையும் அழைத்தார். இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே ஜெபம் முடிந்தது. கறுப்பின மக்கள் அனைவரும் ஒருசேர எழுந்து வெளியேறினர். இது நடந்தது 1787-இல் என்பது ஆலனின் நினைவு. மாடம் கட்டிய கணக்குகளைக் கொண்டு ஆய்வாளர் பலர் 1792-ஐ ஒட்டி வைப்பர். ஆண்டு எதுவாயினும், தாங்கள் பணம் கொடுத்துக் கட்டிய மாடத்திலேயே மண்டியிட இடமில்லை என்பதுதான் அம்மக்கள் நெஞ்சில் தைத்த முள்.

ஆலனின் பெருமை வெளியேறியதில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. வெளியேறியோருள் பெரும்பாலோர்க்கு மெதடிஸ்டு என்ற பெயரே கசந்துவிட்டது. எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்வதெனத் தீர்மானித்து, ஆலனையே தங்கள் குருவாக இருக்க வேண்டினர். அவர் மறுத்தார்! எழுத்தறியாத தம் மக்களிடம் முதன்முதல் நற்செய்தியைக் கொண்டுவந்தவர்கள் மெதடிஸ்டுகள். எழுதிப் படிக்கும் பிரசங்கத்தைவிட அவர்களது எளிய பேச்சே தம் மக்களுக்கு ஏற்றது என்றார். ஜோன்ஸ் அந்தக் குருப்பட்டத்தை ஏற்றார். நண்பர் இருவரும் வேறு வேறு ஆலயம் சென்றனர். நட்பு மட்டும் பிரியவில்லை. 1793-இல் மஞ்சட்காய்ச்சல் நகரத்தைச் சூறையாடி ஏறத்தாழ 5000 பேரைப் பலிகொண்டபோது, நோயாளிகளைப் பேணவும் பிணங்களை எடுக்கவும் கறுப்பின மக்களைத் திரட்டியவர்கள் இவ்விருவருமே. ஆலன் தாமே காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். அதன்பின், கறுப்பினச் செவிலியர் கொள்ளையடித்தனர் என்று பதிப்பாளர் ஒருவர் எழுத, இருவரும் 1794-இல் கணக்குவழக்கோடு மறுப்பு நூல் வெளியிட்டனர்.

அதே ஆண்டில் ஆலன் பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கித் தம் குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து, ஆறாம் தெருவும் லம்பார்டு தெருவும் கூடும் இடத்தில் நிறுத்தினார். அதுவே பெத்தேல் ஆலயம். மெதடிஸ்டுப் பேராயர் ஆஸ்பரி ஜூலை 29-இல் வந்து அதனைத் திறந்துவைத்தார்.

பழைய ஆலயம் அத்துடன் விட்டதா? 1796-இல் எழுதப்பட்ட பதிவுப் பத்திரம் பெத்தேலின் சொத்தை மெதடிஸ்டு மாநாட்டின் கைக்குள் வைத்திருந்தது. எழுதிக் கொடுத்தவர் வெள்ளைப் போதகர். ஆண்டுகள் கழித்து உண்மை தெரிந்ததும், 1807-இல் உறுப்பினரில் மூன்றில் இருபங்கினர் ஒப்புதலோடு பத்திரத்தைத் திருத்தினர். புனித ஜார்ஜ் ஆலயத்தார் தங்கள் போதகர் வந்து பேச ஆண்டுக்கு 600 டாலர் கேட்டனர். 1815-இல் பெத்தேல் ஏலத்திற்கே வந்தது. தாம் எழுப்பிய ஆலயத்தை ஆலன் 10,125 டாலர் கொடுத்துத் தாமே ஏலத்தில் எடுக்க நேர்ந்தது. தம்மைத் தாமே விலைக்கு வாங்கியவர்க்கு இது இரண்டாம் கொள்முதல். அந்த ஆண்டின் இறுதியில் வெள்ளைப் போதகர் ஒருவர் மேடையேற வந்தபோது, மக்கள் நடைபாதை முழுவதும் அடைத்து நின்று வழிவிட மறுத்தனர். வழக்குப் பென்சில்வேனிய உச்சநீதிமன்றம் சென்றது. 1816 தொடக்கத்தில் தீர்ப்பு பெத்தேலுக்குச் சாதகமாக வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பல ஊர்க் கறுப்பினச் சபைகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோப்பல் சபையை அமைத்தன. ஆலன் அதன் பேராயரானார். பெயரிலிருந்து மெதடிஸ்டு என்ற சொல்லை அவர் எடுத்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1831 மார்ச்சு 26-இல் அவர் மறைந்தார். பெத்தேலின் அடித்தளத்தில் அவர் கல்லறை உள்ளது. 2009-இல் பெத்தேல் சபையார் ஒரு ஞாயிறன்று புனித ஜார்ஜ் ஆலயம் சென்று, அங்குள்ளோருடன் சேர்ந்து வழிபட்டனர்.

சொல்லாமல் விடக்கூடாத செய்தி இன்னொன்று உண்டு. வாயில் காப்பவராக ஆலனும் ஒருகால் நின்றார். பெத்தேல் சபையைச் சேர்ந்த ஜரினா லீ என்ற பெண்மணி, போதிக்குமாறு தமக்கு இறையழைப்பு வந்திருப்பதாக அவரிடம் தெரிவித்தார். பெண்கள் போதிக்க மெதடிஸ்டு ஒழுங்குமுறையில் இடமில்லை என்று ஆலன் திருப்பி அனுப்பினார். எட்டு ஆண்டுகள் சென்றன. 1819-இல் ஒருநாள் பெத்தேலில் பேசிக்கொண்டிருந்த போதகர் தடுமாறி நின்றார். ஜரினா லீ தம் இடத்திலிருந்து எழுந்து, விட்ட இடத்திலிருந்தே பேசத் தொடங்கிவிட்டார். பேசி அமர்ந்தபோது, தம்மைச் சபையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று நடுங்கினார். பேராயர் ஆலன் எழுந்தார். எட்டு ஆண்டுகளுக்குமுன் இந்தப் பெண்மணி தம்மிடம் கேட்டதையும் தாம் தட்டிக்கழித்ததையும் சபை நடுவே ஒப்புக்கொண்டார். இவர்க்கும் அழைப்பு உண்டென்று இப்போது நம்புவதாகச் சொன்னார்.