புதிய பூவைத் தேடியவர்

சிங்கப்பூர்ப் பூமலையில் பூத்துக் குலுங்கும் ஆர்க்கிட் மலர்களைக் காணாதவர் சிலரே. அங்குப் புதுப்புது ஆர்க்கிட் வகைகளை உருவாக்கும் பணிக்கு வித்திட்டவர் எரிக் ஹோல்ட்டம். இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு பிறந்த இவர், 1922இல் பூமலையின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார்; பின்னர் இயக்குநராக உயர்ந்தார்.

சில ஆர்க்கிட் செடிகளின் தண்டு குமிழ்போலப் பருத்திருக்கும். நீரையும் உணவையும் சேமித்து வைக்கும் அப்பகுதியைப் போலிக்குமிழ் என்பர். செடி வளர்ந்து தொட்டியை நிறைத்ததும், ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நான்கு குமிழ்கள் இருக்குமாறு பிரித்து நடுவர். இதனால் செடிகள் பெருகும். ஆனால், பூ மாறாது. புதிய பூ வேண்டுமெனில், இருவகைச் செடிகளைக் கலந்து விதையிலிருந்து வளர்க்க வேண்டும். தூசுபோன்ற அவ்விதைகளிலோ முளைப்பதற்குத் தேவையான உணவு இல்லை. காட்டில் அவை ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் முளைக்கின்றன.

ஹோல்ட்டம் மனந்தளரவில்லை. வெளிநாட்டு அறிஞர் கண்டறிந்த முறையைக் கற்றார். கண்ணாடிக் குடுவைக்குள் சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்த்த கூழை இட்டு, கிருமிகள் புகாதவாறு விதைகளைத் தூவி, பொறுமையுடன் காத்திருந்தார். 1931இல் பூமலையின் முதல் கலப்பின ஆர்க்கிட் பூத்தது. அது போலிக்குமிழ் கொண்ட ஸ்பாதோகுளோட்டிஸ் இனத்தைச் சேர்ந்தது.

ஹோல்ட்டம் 1928இல் நண்பர்களுடன் மலாயா ஆர்க்கிட் சங்கத்தைத் தொடங்கி, தாம் கற்றதைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். ஜப்பானியர் ஆட்சிக்காலத்திலும் பூமலையிலேயே இருந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1990இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணியோ இன்றும் பூமலையில் தொடர்கிறது.