ஃபோகஸ் தப்பிய முகங்கள்: யார் இந்த ஜூலியா மார்கரெட் கேமரன்?

இன்று போனில் ‘போர்ட்ரெய்ட்’ என்பதைத் தட்டினால் பின்னணி தானாக மங்கிவிடுகிறது. 160 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மங்கல் என்றாலே தப்பு. உருவப்படம் என்றால் சட்டைப் பொத்தான் வரை துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்தக் காலத்துப் புகைப்பட விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான் ஜூலியா மார்கரெட் கேமரன். (பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று கேட்கலாம். அது கணவர் வீட்டுப் பெயர்!)

1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட நிபுணர். இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். பிற்பாடு குடும்பம் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறியது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகத் தந்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது. நிலக்கரி போட்டு வைத்திருந்த அறை இருட்டறை ஆனது. கோழிக்கூடு கண்ணாடி ஸ்டுடியோ ஆனது.

அன்றைய முறை லேசுப்பட்டதல்ல. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். போதாததற்கு, பெரிய தகட்டில் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். இவர் அதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை. அழகாகத் தெரிகிற இடத்திலேயே லென்ஸை நிறுத்திவிடுவார்.

சரி, படத்தில் அப்படி என்ன இருக்கிறது? 1867-ல் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். நாற்காலி, தூண், திரைச்சீலை என்று அன்றைய ஸ்டுடியோக்களில் இருந்த சாமான் எதுவும் இல்லை. உடம்பைக் கறுப்புத் துணி விழுங்கிவிட, இருட்டிலிருந்து தலை மட்டும் வெளியே வருகிறது. தலைமுடியைக் கழுவிவிட்டு வரச் சொன்னாராம் ஜூலியா. வெளிச்சம் பட்டதும் அந்த வெள்ளை முடி பஞ்சாய்ப் பறந்து நிற்கிறது. அதே ஆண்டில் எடுத்த சகோதரி மகள் ஜூலியா ஜாக்சனின் படத்தில் (எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அம்மா இவர்) ஒரு கன்னம் வெளிச்சத்தில், மறு கன்னம் நிழலில். எல்லாப் பக்கமும் வெளிச்சம் விட்டு முகத்தைத் தட்டையாக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

அதற்காக எல்லாப் படங்களையும் தூக்கிக் கொண்டாட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு இறக்கை கட்டி தேவதைகளாக நிறுத்தியவை இன்று பள்ளி நாடகம் மாதிரிதான் தெரிகின்றன. தகட்டில் விரல் ரேகை, கீறல் என்று விமர்சகர்கள் சொன்னதும் பொய்யில்லை.

1875-ல் தம்பதி இலங்கைக்கு வந்தார்கள். அங்கே அவர்களுக்குக் காபித் தோட்டங்கள் இருந்தன. காபிச் செடிகளை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த நேரம் அது. அங்கு எடுத்தவற்றில் மிஞ்சியவை சில படங்களே. களுத்துறை விவசாயிகள் படம் ஒன்றில் சிறுமிக்கு 12 வயது என்றும், கிழவர் தன்னை அவளது அப்பா என்றும் தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. பெயர்கள் இல்லை. இங்கிலாந்தில் கவிஞர் டென்னிசனுக்கும் கார்லைலுக்கும் கிடைத்த அந்த நெருக்கமான, முகம் மட்டும் நிறைந்த சட்டகமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1879 ஜனவரியில் இலங்கையிலேயே ஜூலியா இறந்தார். மலையகத்தில், பொகவந்தலாவை புனித மேரி தேவாலய வளாகத்தில் அவரது கல்லறை இருக்கிறது.