உஞ்சவிருத்தி ஏற்ற செல்வர்
(ஸ்ரீ கூரத்தாழ்வான் வைபவம்)

ஓதல், ஓதுவித்தல், வேட்டல், வேட்பித்தல், ஈதல், ஏற்றல் என்று அந்தணர்க்கு ஆறு தொழில்களை சாஸ்திரம் விதித்தது. இவற்றுள் ஓதலும் வேட்டலும் ஈதலும் கடமைகள். ஓதுவித்தல், வேட்பித்தல், ஏற்றல் என்னும் மற்ற மூன்றுமே ஜீவனத்திற்கு வழி. அம்மூன்றிலும் ஏற்றல், அதாவது பிரதிக்ரஹம், மிகவும் அஞ்சத்தக்கது. கொடுப்பவனுடைய பாபமும் பொருளோடு கூடவே வரும் என்பர் பெரியோர். இவ்வாறு தொழிலையும் எடுத்து வாழ்ந்து காட்டி, ஏற்பதிலும் ஒருவன் எவ்வளவு உயர்ந்து நிற்கலாம் என்பதை உலகறியச் செய்தவர் ஸ்ரீவத்ஸாங்கமிச்ரர் என்னும் கூரத்தாழ்வான்.

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் பழைய ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேடு இவ்வூரில் கிடைத்திருக்கிறது. நிலத்தைப் பங்குகளாக்கி, வேதம் வல்லார்க்கு இத்தனை, கோயில் பூஜைக்கு இத்தனை, மண்டபத்திற்குத் தண்ணீரும் தீயும் வைப்பார்க்கு ஒன்று, அங்கே பாரதம் வாசிப்பார்க்கு ஒன்று என்று அச்செப்பேடு வகுக்கிறது. அந்நாளைய அந்தணர் வாழ்வு எவ்வாறு நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வித்தையும் கைங்கர்யமும் ஊருக்கு. அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கு.

இவ்வூரில் ஹாரீத கோத்ரத்தில், தை மாதம் ஹஸ்த நக்ஷத்ரத்தில் ஆழ்வான் அவதரித்தார். ஆண்டு 1010 என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. பெருஞ்செல்வக் குடும்பம். விடியற்காலை முதல் நள்ளிரவு வரை அவர் திருமாளிகையில் அன்னதானம் நடந்து வந்தது. இரவில் கதவுகளைச் சாத்தும் ஓசை பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்டதாகவும், அது என்ன ஓசை என்று பெருந்தேவித் தாயார் வினவியதாகவும் குருபரம்பரை கூறும். மற்றொருவராயின் இதைக் கேட்டுப் பூரித்திருப்பார். ஆழ்வானோ வெட்கினார். தம் செல்வத்தின் ஓசை எம்பெருமானின் திருச்செவி வரை சென்றதே என்று வருந்தி, அனைத்தையும் அங்கேயே விட்டுத் தேவிகள் ஆண்டாளுடன் திருவரங்கம் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கும்போது அம்மையாருக்கு அச்சம் உண்டாயிற்று. கணவர் அமுது செய்வதற்காக எடுத்து வந்த பொன்வட்டில் ஒன்று மடியில் இருப்பதே காரணம் என்று தெரிந்ததும், ஆழ்வான் அதை வாங்கிக் காட்டிலே எறிந்துவிட்டார்.

திருவரங்கத்தில் அவர் மேற்கொண்டது உஞ்சவிருத்தி. அறுவடையான வயலில் சிந்திக் கிடக்கும் நெல்மணிகளைப் பொறுக்கி வாழ்வதே உஞ்சம் என்ற சொல்லின் பழைய பொருள். மநு அதை அந்தண ஜீவனங்களில் முதலாவதாக வைத்து, பிறரிடம் சேவகம் செய்து பிழைப்பதை நாயின் பிழைப்போடு சேர்த்தார். பிற்காலத்தில் காலையில் செம்புடன் வீதியிலே சென்று, இடுகின்ற பிடி அரிசியை ஏற்று, அன்றைக்குப் போதுமானது சேர்ந்ததும் திரும்பிவிடுவது உஞ்சவிருத்தி ஆயிற்று. மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாகாது. திருமழபாடிக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் அக்கரையிலுள்ள திருவையாற்றில், 1847இல் ஸித்தியடைந்த ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளும் இந்த விருத்தியையே கைக்கொண்டிருந்தார் என்பதை இப்பக்கத்தார் அறிவர்.

ஒருநாள் இடைவிடாத மழை. உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலவில்லை. தம்பதிகள் பட்டினி. இரவில் அரவணை நிவேதனத்தின் மணியோசை கேட்டது. அடியவர் பசித்திருக்க, பெருமாள் அமுது செய்தருளுகிறாரே என்று ஆண்டாள் ஒரு கணம் மனத்தில் எண்ணினார். சற்று நேரத்தில் கோயில் பரிவாரங்களுடன் பிரஸாதம் வந்து சேர்ந்தது. ஆழ்வான் மகிழவில்லை; அம்மையார் எண்ணியதை விசாரித்து அறிந்து வருந்தினார். ஏற்றால் அபசாரம், மறுத்தாலும் அபசாரம். ஆகவே சிறிதளவு மட்டும் ஏற்று, இருவருக்குமாகப் பகிர்ந்தார். அந்தப் பிரஸாத மஹிமையால் ஒரு வைகாசி அனுஷத்தில் பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்பது பெரியோர் வாக்கு.

எம்பெருமானாருக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதும் பணியில் கையாக இருந்தவர் ஆழ்வானே. பஞ்சஸ்தவம் அருளியவரும் அவரே. அவற்றின் பெருமையைப் பேசுவார் பலர். அமுதனார் வீட்டு ஏகாஹத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அந்நாளில் பெரிய கோயில் நம்பி என்று வழங்கிய திருவரங்கத்தமுதனாரிடம் கோயில் சாவியும், புராணம் வாசிக்கும் உரிமையும் இருந்தன. அவை உடையவர் வசமானாலன்றிக் கோயில் நிர்வாகம் சீர்ப்படாது. அமுதனாரின் தாயார் பரமபதித்தார். பதினோராம் நாள் ஏகாஹத்திற்கு நிமந்த்ரணம் வேண்டும். பிரேதத்தின் ஸ்தானத்தில் அமர்ந்து உண்ணும் அந்த இலைக்கு எவரும் எளிதில் இசையார். உண்டவர் பிராயச்சித்த ஜபம் செய்யவேண்டும். சில காலம் ஊரார் அவரை விலக்கியும் வைப்பர். இன்றும் அதற்கு ஆள் கிடைப்பது அரிது; வறுமையால் அமருகிறவரை நாமே இளக்காரமாகப் பார்க்கிறோம். அந்த இலையில் மகாவித்வானாகிய ஆழ்வான் போய் அமர்ந்தார். திருப்தியாயிற்றா என்று கர்த்தா கேட்கும் வேளையில், பொன்னும் நிலமும் வேண்டாமல், கோயில் சாவியையும் புராண உரிமையையும் உடையவருக்காக வேண்டினார். அமுதனார் கொடுத்தார். பரம்பரை ஜீவனத்தை இழந்தவர் பகைக்கவில்லை. ஆழ்வானுக்கே சிஷ்யராகி, இராமாநுச நூற்றந்தாதி பாடினார். இயற்பா ஸேவிக்கும் உரிமையை அவருக்கு உடையவர் பெற்றுத் தந்ததாகக் கூறுவர்.

பின்பு சோழ மன்னன் உடையவரை அழைத்தபோது, அவருடைய காஷாயத்தைத் தரித்து அவர் ஸ்தானத்தில் சென்றவர் ஆழ்வான். கங்கைகொண்ட சோழபுரத்து அரசவையில் மன்னன் விரும்பியவாறு எழுதிக் கொடுத்திருந்தால் மானியங்கள் குவிந்திருக்கும். அவர் இரு கண்களையும் இழந்து திரும்பினார். உடன் சென்ற வயோதிகரான பெரிய நம்பி, வழியில் பசுபதிகோயிலில் திருநாடு அலங்கரித்தார். திருவரங்கம் வந்த ஆழ்வானைக் கோயில் வாசலில் தடுத்தனர். உடையவர் ஸம்பந்தமுடையார் உட்புகலாகாது என்பது கட்டளை. நல்லவர் என்பதற்காக அவரை மட்டும் விடலாம் என்று ஒரு காவலன் இரங்கினான். ஆசார்ய ஸம்பந்தத்தை விட்டுப் பெறும் ஸேவை தமக்கு வேண்டாம் என்று, கண்ணில்லாத அந்நிலையிலும் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்குப் போய்விட்டார்.

வருஷங்கள் கழித்து உடையவர் மேல்நாட்டிலிருந்து மீண்டார். வரதனைத் துதித்துக் கண்களை வேண்டும்படி ஆழ்வானை நியமித்தார். வரதராஜ ஸ்தவம் பிறந்தது. ஆனால் வரம் கேட்கும் வேளையில் ஆழ்வான் வேண்டியது, அரசவையில் தம்மைக் காட்டிக்கொடுத்த சிஷ்யன் நாலூரானுக்கும் மோக்ஷம். உடையவருக்கு முன்னரே அவர் பரமபதம் எய்தினார்.

பொருளாக அவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் வைத்துச் செல்லவில்லை. ஏகாஹ இலையில் பெற்றுத் தந்த புராண வாசிப்போ அவர் வம்சத்தில் நிலைத்தது. கார்த்திகை சுக்லபக்ஷ ஏகாதசியன்று இன்றும் நம்பெருமாள் திருமுன்பு பட்டர் வம்சத்தார் கைசிக புராணம் வாசிக்கின்றனர். வாசித்தவரைப் பிரம்மரதத்தில் எழுந்தருளப் பண்ணித் திருமாளிகையில் கொண்டு சேர்ப்பது முன்பு வழக்கமாக இருந்தது.